கைதட்டியவர்களின் ஏமாற்றம்



தாம்பரத்தில் மின்சார இரயில் ஏறினால் ஏழாவது நிலையம் பரங்கிமலை. புனித தோமையார் இரத்தம் சிந்திய குன்று என்று நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாய்ப் போற்றிவந்த இடம். அவ்வூரின் பெயருக்குத் தமிழக அரசியல் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டென்பதை நம் இளையோர் பலர் அறியார். 1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர். இராதா சுட்டதில் எம்.ஜி.ஆர். கழுத்தில் காயமுற்று மருத்துவமனையில் கிடந்தார். அடுத்த மாதமே பொதுத் தேர்தல். பரங்கிமலைத் தொகுதியின் வேட்பாளர் அவர். வீதி வீதியாக வந்து அவர் வாக்குக் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் இல்லை. கழுத்தில் கட்டோடு அவர் இருந்த படம் சுவரொட்டியாக வந்தது. அதுவே போதுமானதாயிற்று, வென்றார். திரையில் ஏழைப் பங்காளனாகக் கண்டவரை உண்மையிலும் அவ்வாறே கண்டு மக்கள் வாக்களித்த அந்தப் பழைய கதையின் முதல் பக்கங்களில் ஒன்று நம் புறநகரிலேயே எழுதப்பட்டது.

அதைப் பழிப்பது நம் நோக்கமன்று. கட்சியில் சேர்ந்து, வேட்புமனுவில் கையொப்பமிட்டு நிற்கும் நடிகரை மக்கள் ஏற்கவும் செய்யலாம், தள்ளவும் செய்யலாம். எம்.ஜி.ஆரை ஏற்றனர். அவருக்கு இணையாகப் பேசப்பட்ட சிவாஜி கணேசன் 1988-இல் தனிக்கட்சி கண்டு, 1989 தேர்தலில் திருவையாற்றில் நின்றபோது தோற்கடித்தனர். அவருடைய நடிப்பைக் கண்டு கண்ணீர் விட்டவர்களிலேயே பலர் வேறு சின்னத்தில் முத்திரை குத்தியிருக்க வேண்டும். திரு. ரஜினிகாந்த் 2017 டிசம்பர் 31 அன்று அரசியலுக்கு வருவது உறுதி என்றார்; 2020 டிசம்பர் 29 அன்று உடல்நிலையைக் காட்டி வர இயலாது என்றார். இடையில் மூன்றாண்டுகள் காத்திருந்த இரசிகர்கள், 2021 ஜனவரியில் வள்ளுவர் கோட்டத்தில் கூடி, வந்தே தீரவேண்டும் என்று முழங்கினர். திரு. விஜய் 2024 பிப்ரவரி 2 அன்று கட்சி தொடங்கினார். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அவரைக் காணத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் சிறு குழந்தைகள் உட்பட 41 பேர் மாண்டனர். அக்குடும்பங்களுக்காக இன்றும் செபிக்கிறோம். இவை யாவும் பெரிய செய்திகள். நாளேடுகள் போதுமான அளவு எழுதியுள்ளன.

இம்மாதம் நாம் எழுத விரும்புவது வேறு வகைக் கலைஞர்களைப் பற்றி. இவர்களுக்குத் திரையரங்கு தேவையில்லை. நம் பிள்ளைகளின் கைப்பேசி போதும். பாடுவார்கள், நகைக்க வைப்பார்கள், நாட்டு நடப்பை அலசுவார்கள். கட்சி கிடையாது, தொகுதி கிடையாது. ஆதலால் இவர்களை வாக்கால் ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. ஆனால் நாட்டு நடப்பைப் பற்றி நம் வீட்டு இளைஞர் என்ன நினைக்கிறார் என்பதில், பெற்றோருக்கும் பங்குத்தந்தைக்கும் உள்ள பங்கைவிட இவர்களுடைய பங்கு பெரிது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

வீடு சந்திக்கச் செல்லும்போது ஒன்றைக் கவனித்து வருகிறோம். சேலையூரானாலும் சிட்லபாக்கமானாலும், எம்.ஜி.ஆர். காலத்துப் பெரியவர் தம் நாயகரைத் ‘தலைவர்’ என்றோ ‘வாத்தியார்’ என்றோ குறிப்பிடுவார். அவருடைய பேரனோ யூடியூபில் தான் பின்தொடர்பவரை ‘அந்த அண்ணன்’ என்கிறான். இச்சிறு சொல் மாற்றத்தில் பெரிய செய்தி அடங்கியிருக்கிறது. தலைவர் என்பவர் தொலைவில் நிற்பவர். அவரைக் காண வெயிலில் நின்று, தள்ளுமுள்ளில் சிக்கி, கையசைப்பை மட்டும் பெற்றுத் திரும்ப வேண்டும். அண்ணன் அப்படியன்று. தம் அறையில் அமர்ந்து, கலைந்த தலையோடு, நம்மைப் பெயர் சொல்லி அழைக்காத குறையாக நம்மிடமே பேசுகிறார். இரவில் படுக்கையில் கடைசியாகக் கேட்கும் குரல் அவருடையது. ஓர் இளைஞன் ஐந்தாண்டுகள் இவ்வாறு கேட்டுவந்தால், அவரை அறிந்துவிட்டதாக நம்புகிறான். அவர் அவனை அறியார் என்பது அவனுக்கு நினைவில் வருவதில்லை. தலைவர் மனம் மாறினால் கோபம் வருகிறது. அண்ணன் மனம் மாறினால் வீட்டில் ஒருவர் ஏமாற்றியது போன்ற வலி வருகிறது.

இவ்வலியை நம் பகுதி இளைஞர் பலர் முதன்முதலில் அறிந்தது 2017 ஜனவரியில். உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்திருந்தது. (நம் பங்குகளில் இதைப் பிறர் விளையாட்டு என்று எண்ணியவர் குறைவு. திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பங்கள், சொந்த ஊரில் புனித அந்தோணியார் திருவிழாவையொட்டி மாடு அவிழ்த்துவிடுவதைக் கண்டு வளர்ந்தவை.) ஆதி, ஜீவா என்னும் இருவர் ‘ஹிப்ஹாப் தமிழா’ என்ற பெயரில் யூடியூப் வழியாகப் புகழ் பெற்றிருந்தனர். திரைப்படம் அவர்களை உருவாக்கவில்லை. இணையத்தில் அவர்கள் பெற்ற புகழே அவர்களைத் திரைப்படத்துக்குள் கொண்டு சேர்த்தது. 2016-இல் ஜல்லிக்கட்டுக்கு ஆதரவாக ‘டக்கரு டக்கரு’ என்ற பாடலை ஆதி வெளியிட்டார். நாட்டு மாட்டினம், உழவர் வாழ்வு, அயல்நாட்டு வணிகம் என்று அதுவரை மாணவர் காதில் விழாத செய்திகளெல்லாம் அப்பாடலோடு சேர்ந்து அவர்களிடம் வந்தன. ஓராயிரம் துண்டு வெளியீடுகள் செய்ய இயலாததை ஒரு பாட்டு செய்தது.

2017 ஜனவரி 17 அன்று மெரினாவில் சிலராகக் கூடியவர்கள் சில நாட்களில் இலட்சக்கணக்கில் பெருகினர். அந்நாட்களில் மாலை நேர இரயில்கள் தாம்பரத்திலிருந்து எதிர்த்திசையில் நிறைந்து சென்றன. கடற்கரையில் கூடிய இளைஞர்கள் ஒன்றில் உறுதியாயிருந்தனர்: அரசியல்வாதியும் வேண்டாம், சினிமா நடிகரும் வேண்டாம். நடிகர் சங்கத்தார் ஜனவரி 20 அன்று தம் சங்க வளாகத்திலேயே தனியாக உண்ணாநோன்பு இருந்தனர். நட்சத்திரங்களை விலக்கிவிட்டோம் என்று இளைஞர் பெருமிதம் கொண்டது நியாயமே. ஆனால் ஒரு நட்சத்திரம் அவரவர் சட்டைப்பையிலேயே இருந்தார். அவரை நட்சத்திரம் என்று எவரும் எண்ணவில்லை, அண்ணன் அல்லவா?

ஜனவரி 21 அன்று மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. நிரந்தரச் சட்டம் வேண்டுமென்று பலர் கலையாதிருந்தனர். 22 அன்று ஆதி ஒரு காணொளி வெளியிட்டார். ஜல்லிக்கட்டுக்காகத் தொடங்கிய போராட்டம் வேறு திசையில் செல்கிறது, நாட்டுக்கு எதிரான முழக்கங்கள் எழுகின்றன, தேசியக் கொடி அவமதிக்கப்படுகிறது, ஆகையால் தாம் விலகிக்கொள்கிறோம் என்பது அதன் சாரம். மறுநாள் 23 அன்று காலையில் காவல்துறை கடற்கரையிலிருந்தவர்களை வலிந்து அகற்றியது. தடியடி, கல்வீச்சு, ஐஸ்ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ, நடுக்குப்பம் மீன் சந்தையில் தீ. அதே நாள் மாலை சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது. சட்டத்தின் கதை அவ்வாறு நன்றாகவே முடிந்தது.

நம் பங்கின் பாடகர் குழுவில் அன்று இருந்த இருவரின் கதை அவ்வாறு முடியவில்லை. ஒரே பொறியியல் கல்லூரி, ஒரே வகுப்பு. ஒருவன் கிட்டார், மற்றவன் தபேலா. நான்கு இரவுகள் மெரினாவில் ஒரே போர்வையில் உறங்கியவர்கள். 22 இரவு அக்காணொளியைக் கண்டதும் ஒருவன் புறப்பட்டுவிட்டான். “அந்த அண்ணனே போயிட்டாரு, நாம எதுக்கு நிக்கணும்?” என்று நண்பனையும் அழைத்தான். நண்பன் வரவில்லை. மறுநாள் காலை தடியடியில் அவன் முழங்கை முறிந்தது. தன்னை விட்டுச் சென்ற நண்பனையும், தன்னை விட்டுச் சென்ற பாடகரையும் அவன் ஒரே தட்டில் வைத்தான். புறப்பட்டுச் சென்றவனோ, போராட்டம் தன்னை ஏமாற்றியது என்றான். நண்பன் தேசத் துரோகிகளோடு நின்றுவிட்டான் என்றும் சொன்னான். இரு தரப்பையும் பலமுறை கேட்டிருக்கிறோம். இருவரும் கடைசிவரை வாதிட்டது அந்த அண்ணன் செய்தது சரியா தவறா என்பதைப் பற்றியே. கடற்கரையில் ஐந்து நாட்கள் இருந்து தாம் கண்டது என்ன, தம் காதால் கேட்ட முழக்கம் என்ன, தம் மனச்சான்று என்ன கூறியது என்று இருவரில் எவரும் தாமாகத் தொடங்கிச் சொன்னதில்லை. “தம்பி, நீ அங்கேதானே இருந்தாய்? கொடியை அவமதித்ததை நீ பார்த்தாயா?” என்று முதல்வனிடம் கேட்டபோது, “இல்ல ஃபாதர், நான் இருந்த பக்கம் அப்படி எதுவும் இல்ல” என்றான். தான் நேரில் கண்டதைவிடத் தன் கைப்பேசியில் கண்டது அவனுக்கு மெய்யாயிற்று.

ஆதியின் மீது வழக்குத் தொடுக்க நாம் வரவில்லை. தமக்குச் சரியென்று படாததிலிருந்து ஒருவர் விலகலாம், காரணத்தையும் மறைக்காமல் சொன்னார், அது பாராட்டத்தக்கது. எனினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. பாடுவது வேறு, அழைப்பது வேறு. பாட்டைக் கேட்டவன் மகிழ்ந்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒருவருடைய குரலை நம்பித் தெருவுக்கு வந்தவன், அக்குரல் விலகும்போது தெருவிலேயே நிற்கிறான். அவர்களுக்கு அவர் ஒரு காணொளியைவிடக் கூடுதலாகக் கடன்பட்டிருந்தார் என்பது நம் கருத்து. கடற்கரைக்கு நேரில் வந்து, “தம்பிகளே, நான் போகிறேன், நீங்களும் பத்திரமாக வீடு செல்லுங்கள்” என்று சொல்லியிருக்கலாம். பாடகர் மேய்ப்பரல்லர் என்று சிலர் விடையிறுக்கக்கூடும். உண்மை. ஆனால் மந்தை பின்தொடர்வதை அறிந்தே முன்னால் நடப்பவர், தாம் மேய்ப்பரல்லர் என்பதைப் பாதிவழியில் நினைவுகூர்வது போதாது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். இக்கலைஞர்களை நாம்தாமே வார்க்கிறோம்? நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காட்டை யூடியூப் அதை ஆக்கியவருக்குக் கொடுக்கிறது. பார்வையாளர் கூடினால் வரவு கூடும். முகம் சுளித்தால் குறையும். எதைச் சொன்னபோது கைதட்டல் மிகுந்தது என்பது அவருக்கு நாள்தோறும் எண்களாக வந்து சேர்கிறது. நேற்று அரசைக் கிண்டல் செய்தபோது பத்து இலட்சம் பேர் பார்த்தனர், இன்று குடும்ப நகைச்சுவையை இரண்டு இலட்சம் பேரே பார்த்தனர் என்றால், நாளை அவர் எதைச் செய்வார்? கொள்கை என்று நாம் வியப்பதில் எவ்வளவு கொள்கை, எவ்வளவு கணக்கு என்பதை அவரே பிரித்தறிய முடியாமற் போகலாம். பற்பசையைப் பணம் வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமென்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் நெறிமுறை வகுத்தது. அரசியல் புகழ்ச்சி அம்மன்றத்தின் எல்லைக்குள் வருவதில்லை. பற்பசை வாங்குவோருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு வாக்காளருக்குக் கிடைப்பதில்லை என்பது வேடிக்கைதான்.

நல்ல நோக்கமும் வழிதவறும் என்பதற்குச் சாத்தான்குளம் சான்று. 2020 ஜூன் மாதம் அங்கே காவலர் பிடியில் வதைபட்டு ஜெயராஜ், பென்னிக்ஸ் என்னும் தந்தையும் மகனும் இறந்தனர். நம் கிறித்தவக் குடும்பங்கள் தம் வீட்டு இழவாகக் கருதிய துயரம் அது. பாடகி சுசித்ரா அதைப் பற்றி ஆங்கிலத்தில் பேசி வெளியிட்ட காணொளி, கோடிக்கணக்கானோரை எட்டித் தமிழறியாத வட இந்தியரையும் உலுக்கியது. அது பெரிய நன்மை. ஆனால் வதையைப் பற்றி அதில் சொல்லப்பட்டவற்றை நம்ப வேண்டாம் என்று அடுத்த மாதம் விசாரித்துக்கொண்டிருந்த சி.பி.சி.ஐ.டி. அறிவித்தது, அவர் காணொளியை நீக்கினார். உடனே நம்மவர் சிலர், “அப்படியானால் எல்லாமே கட்டுக்கதையோ?” என்று பேசத் தொடங்கியதைக் கேட்டு நாம் திடுக்கிட்டோம். மிகைப்படுத்திய ஒரு கதை விழுந்தபோது, மிகைப்படுத்தத் தேவையே இல்லாத உண்மையையும் தன்னோடு இழுத்துச் செல்லப் பார்த்தது! அவ்வழக்கில் உண்மையைத் தாங்கி நின்றவர்கள் வேறு. நேரில் விசாரிக்கச் சென்ற ஒரு நீதித்துறை நடுவர். அச்சத்தால் நடுங்கியபடியே அவரிடம் தாம் கண்டதைச் சொன்ன, அதே காவல் நிலையத்துப் பெண் தலைமைக் காவலர். அவ்வம்மையாருக்கு இரசிகர்கள் இல்லை. தம் வேலையும் பாதுகாப்பும் போகக்கூடும் என்று அறிந்தே பேசினார். சாட்சியம் என்ற சொல்லுக்கு மறைக்கல்வி வகுப்பில் எடுத்துக்காட்டு தேடும் ஆசிரியர்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை.

இன்னும் அண்மைக்கு வருவோம். ‘பரிதாபங்கள்’ என்ற யூடியூப் நிகழ்ச்சியை நடத்தும் கோபி, சுதாகர் இருவரையும் அறியாத இளைஞர் தாம்பரத்தில் இருப்பது அரிது. 2024 செப்டம்பரில் திருப்பதி லட்டுக்கான நெய்யில் கலப்படம் என்ற குற்றச்சாட்டு எழுந்த வேளையில் அவர்கள் வெளியிட்ட நகைச்சுவைக் காணொளி எதிர்ப்பைக் கிளப்பியது. அவர்கள் வருத்தம் தெரிவித்து அதை நீக்கினர். “பயந்துவிட்டார்கள், இவர்களும் இவ்வளவுதான்” என்று நம் இளைஞர் பலர் கொதித்தனர். பிறர் பக்தியோடு பெறும் பிரசாதத்தைப் பற்றிய கேலியை நீக்குவதில் அச்சம் மட்டும்தான் இருக்க வேண்டுமா? நாம் நாவில் ஏற்கும் அப்பத்தைக் குறித்து எவரேனும் அவ்வாறு நகைத்திருந்தால் நாம் என்ன எதிர்பார்த்திருப்போம்? இதைக் கேட்டபோது சற்று அமைதி நிலவியது.

பத்து மாதங்கள் சென்றன. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் என்னும் மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்த காதலே காரணம் என்பது வழக்கு. தொடர்ந்து வந்த நாட்களில் அதே இருவர், சாதிப் பெருமையையும் அதை ஊட்டி வளர்க்கும் சுற்றத்தாரையும் எள்ளி நகையாடும் ‘சொசைட்டி பாவங்கள்’ என்ற காணொளியை வெளியிட்டனர். சாதி அமைப்பினர் சிலர் காவல்துறையில் புகார் கொடுத்தனர். இம்முறை அவர்கள் நீக்கவில்லை என்று இளைஞர் ஆரவாரித்தனர்; கோழைகள் என்று முன்பு ஏசிய வாய்களே வீரர்கள் என்று வாழ்த்தின. மனிதர் அவ்விருவரும் மாறினர் என்று நமக்குத் தோன்றவில்லை. ஒருமுறை நம் விருப்பத்துக்கு ஒத்துப்போயினர், ஒருமுறை போகவில்லை. செய்தித்தொடர்பு சாதனங்களைப் பற்றி 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு, ஆக்குவோரின் கடமையோடு பார்ப்போர், கேட்போரின் கடமையையும் எடுத்துக் கூறியது. யூடியூப் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே பேசப்பட்ட பொருள் இது.

அந்தக் காணொளியை நாமும் பார்த்தோம். நகைப்பு வந்தது, அடியில் கசப்பும் வந்தது. நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆகஸ்டு மாத ஞாயிறு ஒன்றில் இளைஞர் கூட்டத்திலும் அதைத் திரையிட்டனர். பெற்றோர் சிலரும் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தனர். சாதிக்கார மாமாவாக ஒருவர் பேசும் இடத்தில் பெரியவர்கள்தாம் உரக்கச் சிரித்தனர். முடிந்ததும் நெடுநேரம் கைதட்டல்.

அடுத்த வாரம், அக்கூட்டத்தில் முன்வரிசையில் சிரித்திருந்த பெற்றோர் இருவர், மகளுக்கு வரன் வேண்டி ஓர் இதழில் இடுவதற்கான அறிவிப்பைத் தட்டச்சு செய்து, பங்கு முத்திரைக்காக அலுவலகத்துக்குக் கொண்டுவந்தனர். மகளும் உடன் வந்திருந்தாள். பல்லாவரத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிபவள். தாளில் வயது, உயரம், படிப்பு, ஊதியம், அவற்றின் கீழே உட்பிரிவின் பெயரும், அதே பிரிவிலேயே வரன் வேண்டும் என்ற வரியும் இருந்தன. அவள் அதைப் படித்துவிட்டுத் தந்தையிடம், “அப்பா, போன வாரம் நீங்க அவ்வளவு சிரிச்சீங்களே?” என்றாள். அவர் நம்மைப் பார்த்தார். நாம் மேசைமீதிருந்த பேனாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினோம்.

தாள் இன்னும் திரும்பி வரவில்லை. முத்திரை காத்திருக்கிறது.